கரும்புத் தோட்டத்து எதிர்நீச்சல்

1911 ஆகஸ்டில் ஹவாயின் ஹொனலூலு துறைமுகத்தில் டியூக் கஹனமோகு என்ற இளைஞர் 100 கெஜத்தை 55.4 விநாடியில் நீந்திக் கடந்தார். உலக சாதனையைவிட நாலரை விநாடிக்கும் மேல் குறைவு. அமெரிக்க அமெச்சூர் விளையாட்டு சங்கம் நம்பவில்லை. நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும் என்றார்கள். மறு வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றதும் பேச்சு மாறியது. தீவுக்காரனுக்கு நீச்சல் பிறவியிலேயே வந்துவிடுமாம்!

அதே ஹவாயில், மாவி தீவின் புஉனேனேயில் சோய்ச்சி சகமோட்டோ என்றொரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தார். அவருடைய மாணவர்கள் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளி. வெயில் தாங்காமல் பாசன வாய்க்காலில் குதிப்பார்கள், காவலர்கள் விரட்டுவார்கள். நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வாத்தியார் பொறுப்பேற்றார். இத்தனைக்கும் அவரே பெரிய நீச்சல்காரர் இல்லை.

வாய்க்கால் குறுகலானது, கலங்கலானது, ஆனால் வேகமாக ஓடியது. ஓட்டத்தை எதிர்த்துக் கொஞ்ச தூரம் மூச்சு முட்ட நீந்த வேண்டும்; பிறகு நீரோடு மிதந்து திரும்பி வந்து, மறுபடியும் எதிர்த்து. கடும் முயற்சி, சிறு ஓய்வு, மீண்டும் முயற்சி என்று இன்றைய பயிற்சியாளர்கள் விசில் ஊதி நடத்தும் இன்டர்வல் பயிற்சியின் கூறு அதில் அப்படியே இருந்தது. கஹனமோகுவுக்கு உதவியதாகச் சந்தேகிக்கப்பட்ட நீரோட்டம், இந்தப் பிள்ளைகளை எதிர்த்து நின்றே வளர்த்தது.

1937-ல் சகமோட்டோ ஒரு கிளப் தொடங்கினார். பெயரே ‘மூன்று வருட நீச்சல் கிளப்’. இலக்கு 1940 டோக்கியோ ஒலிம்பிக். சீனாவுடன் போரில் இறங்கிய ஜப்பான் 1938-ல் போட்டியைக் கைவிட்டது. ஹெல்சின்கிக்கு மாற்றினார்கள், உலகப் போர் அதையும் விழுங்கியது. ஆனாலும் 1939, 1940, 1941 என மூன்று வருஷமும் அமெரிக்க தேசிய அணிப் பட்டம் மாவிக்கே வந்தது.

பிறவித் திறமை அல்ல, உழைப்புதான் எல்லாம் என்று வாதிடுபவர்கள் இத்தோடு தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். ஹொனலூலுவிலிருந்து சகமோட்டோவைத் தேடி வந்த பில் ஸ்மித் நல்ல உயரம், நீச்சலுக்கென்றே அமைந்த உடல்வாகு. கியோ நகமாவோ குட்டை உருவம். தோட்டத்து வாய்க்காலில் வளர்ந்த பையன். பயிற்சி ஒன்று, சரக்கு வேறு. இருவருமே தேசிய சாம்பியன்கள் ஆனார்கள். ஒரே ஊரில் இத்தனை மேதைகள் தற்செயலாகப் பிறந்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். அந்த வாத்தியார் இல்லையென்றால் நகமாவைக் காவலர்கள் விரட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

போருக்குப் பின் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்மித் 400 மீட்டரை 4 நிமிடம் 41 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். தொடர் நீச்சலில் இன்னொன்று. போர் தின்ற வருஷங்களில்தான் நகமாவின் உச்சம் கழிந்தது. ஒலிம்பிக் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1961-ல், 41 வயதில், மொலொகாயிலிருந்து ஓஹூ வரையிலான கடல் கால்வாயை ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அதை நீந்திக் கடந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர்தான்.