கிழக்கின் கரையோர வேடர்களும் அவர்களின் ஆண்டுச் சடங்கும்

வேடர் என்றதும் எங்கள் சொறிக்கல்முனையில் பலருக்குத் தம்பானைதான் நினைவுக்கு வரும். ஆனால் எமக்கு வடக்கே, வாகரை தொடக்கம் மூதூர் வரையான கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கின்றனர். மீன்பிடி, தேனெடுப்பு, சேனைப்பயிர் என்பன இவர்களின் தொழில்கள். 1911 இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூல் இவர்களைத் தனியாகப் பதிவு செய்துள்ளது.

குடிசன மதிப்பீட்டில் 1946 இல் சுமார் 2,400 ஆக இருந்த நாட்டின் வேடர் தொகை, 1963 இல் 400 ஆகியது. இவர்கள் எல்லோரும் அழிந்துவிடவில்லை. பலர் தமிழராகவோ சிங்களவராகவோ பதியப்பட்டனர்.

பதிவில் பெயர் மறைந்தாலும் சடங்கு தொடர்கிறது. ஊர் கூடி முன்னோர் தெய்வங்களை அழைக்கும், தெய்வமேறி ஆடுவர். அன்றாடப் பேச்சில் அற்றுப்போன வேடமொழிச் சொற்கள் சடங்குப் பாடல்களில் எஞ்சியுள்ளன.

அமெரிக்காவின் செரோக்கி மக்களும் 1838-39 இல் பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள். புதிய நிலத்தில் 1839 செப்டெம்பரில் தமக்கென அரசியலமைப்பு எழுதியதை நினைவுகூர்ந்து, 1953 முதல் ஆண்டுதோறும் தலெக்குவா நகரில் கூடுகின்றனர். எங்கள் ஊரிலும் செப்டெம்பர் திருச்சிலுவைத் திருவிழாவுக்குச் சிதறிய உறவுகள் வந்து சேர்வதைக் காண்கிறேன்.

வாகரையை 2004 இல் சுனாமியும், 2006-07 இல் போரும் இடம்பெயர்த்தன. வேடரின் தெய்வங்கள் காட்டோடும் கடலோடும் பிணைந்தவை. ஆகவே அவர்களின் சடங்கைக் காக்க வேண்டும் என்று பேசும் நாம், காணிக்கும் காட்டுக்கும் களப்புக்கும் அவர்களுக்குள்ள உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.