பொடியும் துப்பாக்கியும்

பல்லைச் செதுக்கி அளவெடுத்த நாளுக்கும் லேபிலிருந்து நிரந்தர கேப் வந்து சேரும் நாளுக்கும் நடுவே ஒரு வாரமோ பத்து நாளோ ஆகிவிடும். அதுவரைக்கும் ஒரு தற்காலிக கேப் வேண்டும். செதுக்கிய பல் கூசக்கூடாது, பக்கத்துப் பல் சாய்ந்துவிடக்கூடாது, முன்பல் என்றால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவும் முடியவேண்டும். இதற்கென்று கிளினிக்குகளில் அதிகம் புழங்குபவை இரண்டு பிசின்கள். ஒன்று பழைய செல்ஃப் க்யூர் அக்ரிலிக். பொடி, திரவம் என்று இரண்டு பாட்டிலாக வரும். இன்னொன்று பிஸ்-அக்ரில். கார்ட்ரிட்ஜைத் துப்பாக்கி போன்ற கருவியில் மாட்டி அழுத்தினால், நுனிக் குழாய்க்குள்ளேயே கலந்து வெளியே வரும். புரோடெம்ப், லக்ஸாடெம்ப் எல்லாம் இந்த வகைதான்.

இந்த இரண்டையும் பலம், நிறம், மினுமினுப்பு என்று ஒப்பிடுவது வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேறு. செய்துகொண்டிருக்கும்போதே ஓரம் குறைந்துபோனால், குமிழி விழுந்தால், பிரிட்ஜின் இணைப்பு விரிசல் விட்டால், எதைச் சரிசெய்யலாம்? தற்காலிக கேப் செய்வதில் பாதி நேரம் இந்த ஒட்டுப்போடும் வேலையிலேயே போய்விடுகிறது.

அக்ரிலிக்கின் பொடி என்பது ஏற்கெனவே பாலிமராகிவிட்ட பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் மணிகள். வினையைத் தொடங்கும் பென்சாயில் பெராக்சைடும் அதிலேயே இருக்கிறது. திரவம் மெத்தில் மெத்தாக்ரிலேட் மோனோமர். கூடவே பெராக்சைடைத் தூண்டிவிடும் ஓர் அமீன். இறுகியபின் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கட்டப்படாத நீண்ட சங்கிலிகள். ஒட்டுப்போடுவதற்கு இது பெரிய வசதி. இறுகிய அக்ரிலிக்கைச் சொரசொரப்பாக்கி மோனோமரைத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டால் மேற்பரப்பு இளகும். புதுக் கலவையின் சங்கிலிகள் பழையவற்றுக்கு இடையே புகுந்து பின்னிக்கொள்ளும்.

ஓரம் குறைந்த இடத்தில் இதைச் செய்வதைப் பார்க்கவேண்டும். மெல்லிய தூரிகையைத் திரவத்தில் நனைத்து, நுனியால் பொடியைத் தொட்டால் ஒரு சிறு முத்து ஒட்டிக்கொண்டு வரும். அதை ஓரத்தில் வைத்ததும் பரவி உட்காரும். பக்கத்தில் அடுத்த முத்து. அடைப்புக்காக நீலான் என்பவர் 1952-இல் விவரித்த முறை இது. இன்றும் லேபிலும் கிளினிக்கிலும் கைபழகியவர்கள் இப்படித்தான் ஓரத்தை வளர்க்கிறார்கள். ஒட்டு விழுந்த இடம் ட்ரிம் செய்து பாலிஷ் போட்டபின் கண்ணுக்கே தெரியாது.

பிஸ்-அக்ரில் வேறு சாதி. அதன் மோனோமர்கள் பெரியவை, இரண்டும் அதற்கு மேலும் கைகள் உள்ளவை. நடுவே கண்ணாடி, சிலிக்காத் துகள்கள். இறுகும்போது எல்லாக் கைகளும் கோத்துக்கொண்டு வலையாகிவிடுகின்றன. அந்த வலைக்குள் மோனோமரால் எளிதில் புகமுடியாது. ஆனால் இறுகிய கையோடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுத்ததால் மேலே ஒரு பிசுபிசுப்பான, வினைபுரியாத படலம் நிற்கும். குமிழியைக் கண்டால் அப்போதே அதே பிசினையோ ஒளியில் இறுகும் ஃபுளோவபிள் காம்போசிட்டையோ வைத்துவிடலாம். ஸ்பிரிட்டால் துடைத்தாலோ பர் வைத்துத் தேய்த்தாலோ படலம் போய்விடும். அதற்கப்புறம் சொரசொரப்பாக்கு, பாண்டிங் தடவு, ஃபுளோவபிள் வை, விளக்கைக் காட்டு என்று வேலை நீளும்.

சின்னக் குறைக்கு இந்த வழியே மேல் என்பேன். ஒரு சொட்டு ஃபுளோவபிளும் சில விநாடி வெளிச்சமும் போதும், நாற்றமில்லை, சூடில்லை. சங்கடம் பிரிட்ஜில்தான். கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் இல்லாமல், இருபக்கப் பற்களைப் பிடித்து நிற்கும் மூன்று பல் பிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடிக்கும் விசையில் இழுவை முழுக்க இணைப்பின் அடிப்பக்கத்தில் விழுகிறது. நோயாளி முறுக்கைக் கடித்துவிட்டு வந்து நின்றால், பிஸ்-அக்ரில் பெரும்பாலும் அந்த இடத்தில் பளிச்சென்று இரண்டாகியிருக்கும். காடி வெட்டி ஃபுளோவபிள் வைத்து ஒட்டலாம். அந்த ஒட்டை நான் நம்புவதில்லை. பல்லைச் செதுக்குமுன் எடுத்த அச்சை எறியாமல் வைத்திருந்தால், அதில் மறுபடி பிசினை நிரப்பிச் சில நிமிடங்களில் புதிதாகவே செய்துவிடலாம். பிஸ்-அக்ரில் பிரிட்ஜுக்கு ரிப்பேர் என்றால் அந்த அச்சுதான். அச்சு இல்லாதவருக்கு அக்ரிலிக்கே பாதுகாப்பு. உடைந்த இரு துண்டையும் பொருத்தி, இடைவெளியை அகட்டி, முத்து முத்தாக நிரப்பினால் சேர்ந்துகொள்ளும்.

அக்ரிலிக் இந்த வசதிக்கு விலையும் வாங்குகிறது. மோனோமர் மட்டும் பாலிமரானால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். பொடி சேர்ப்பதால் அது 7 சதவீத அளவுக்கு இறங்குகிறது; அப்படியும் ஓரத்தில் இடுக்கு விழ அதுவே தாராளம். அதனால்தான் அக்ரிலிக் கேப்புக்கு உட்புறம் மறுபூச்சு கிட்டத்தட்ட கட்டாயமாகிறது. சூடு இன்னொன்று. சாக், கோகன் இருவரும் ரீசஸ் குரங்குகளில் செய்து 1965-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியபோது 15 சதவீதக் கூழ்கள் மீளவில்லை. ஆகவே வாயில் வைத்து மறுபூச்சு போடுபவர், கலவை ரப்பர் போலாகும் கட்டத்தில் கேப்பைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, தண்ணீரையும் தெளித்துக்கொண்டிருக்கவேண்டும். இறுகும்வரை அப்படியே விட்டால் கூழுக்கும் கேடு, இடுக்குகளில் பிடித்துக்கொண்டு கேப்பும் கழலாது. பிஸ்-அக்ரிலில் சூடு குறைவு. மாணவர் கையில் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், ஒற்றை முன்பல்லுக்கு அதையே சொல்வேன். நீண்ட பிரிட்ஜுக்கும், மாதக்கணக்கில் கடியை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டிய வேலைக்கும் பொடிதான்.

வேறெங்கோ போட்ட கேப்போடு ஒருவர் வந்தால் அது எந்தப் பிசின் என்று முகத்தில் எழுதியிருக்காது. உட்புறத்தில் ஒரு துளி மோனோமர் வைத்து, சற்றுப் பொறுத்து முனையால் கீறிப்பாருங்கள். இளகி வழுவழுத்தால் செல்ஃப் க்யூர். அசையாமல் இருந்தால் பிஸ்-அக்ரிலாக இருக்க வாய்ப்பு அதிகம். கீறுமுன் பழைய சிமெண்டைச் சுத்தமாகச் சுரண்டிவிடவேண்டும். அது கிராம்பெண்ணெய் வாசனையடிக்கும் யூஜினால் சிமெண்டாக இருந்தால், மிச்சம் நிற்கும் இடத்தில் இந்த இரண்டு பிசினுமே சரியாக இறுகாது.