ஜப்பானியப் பாணிப் பாஸ்தா (வாஃபூ பாஸ்தா)

இத்தாலிய ஸ்பாகெட்டியைச் சோயா சாஸ், வெண்ணெய், மீன் முட்டை, காளான், நோரி என்னும் கடற்பாசித் தாள், ஷீசோ இலை போன்ற ஜப்பானியப் பண்டங்களோடு பிசறிச் செய்யும் உணவு வகை. டோக்கியோவில் 1950களிலும் 60களிலும் உருவெடுத்தது; 1970களிலிருந்து குடும்ப உணவகங்கள் வழியாக நாடெங்கும் பரவியது. இன்று சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் வரை கிடைக்கிறது. இத்தாலிய உணவின் மலிவான நகல் என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அது சரியல்ல. இழை மட்டும்தான் இரவல். சுவை முழுக்க ஜப்பானியரின் சொந்தச் சமையல்.

தொடக்கம்

ஜப்பானில் பாஸ்தா செய்த முதல் ஆலையாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது, நாகசாகியை அடுத்த சொதோமே என்ற ஏழைக் கடலோர ஊரில் பிரெஞ்சுப் பாதிரியார் மார்க் தெ ரோட்ஸ் 1883இல் அமைத்தது. ஊர்ப் பெண்களுக்கு ஒரு கைத்தொழில் கிடைக்கட்டும் என்று அவர் தொடங்கிய பணிகளில் மக்ரோனி செய்வதும் ஒன்று. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் பாஸ்தா வெளிநாட்டவருக்கும் பெரிய ஓட்டல்களுக்கும் உரிய பண்டமாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. யோகோஹாமாவில் 1927இல் திறக்கப்பட்ட நியூ கிராண்ட் ஓட்டலை அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டது. ஜெனரல் மெக்கார்தர் 1945 ஆகஸ்டு இறுதியில் ஜப்பானில் வந்திறங்கியதும் முதலில் தங்கியது அங்கேதான். படைவீரர்கள் வெந்த ஸ்பாகெட்டியில் தக்காளிக் கெச்சப்பைக் கலந்து உண்டதைப் பார்த்த தலைமைச் சமையற்காரர் இரியே ஷிகெததா, தக்காளி, பூண்டு, வெங்காயம், ஹாம், காளான் சேர்த்து அதையே ஒரு முறையான உணவாக்கினார் என்பது அந்த ஓட்டல் சொல்லும் வரலாறு. ‘நாபோரித்தான்’ என்று பெயர் பெற்ற அது, ஊர்ச் சிற்றுண்டிக் கடைகளுக்குப் போனபோது மறுபடி கெச்சப்புக்கே திரும்பியது. நேப்பிள்ஸ் நகரில் அப்படி ஓர் உணவு கிடையாது.

கோதுமை வந்த வழியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா தன் உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்குத் தள்ளிவிட 1954இல் இயற்றிய பி.எல். 480 சட்டம் ஜப்பானிலும் இந்தியாவிலும் சாப்பாட்டுத் தட்டையே மாற்றியது. நம் ரேஷன் கடைகளில் கோதுமை வந்து நின்ற காலமும் அதை ஒட்டியதுதான். 1955இல் ஜப்பானிய மாவு நிறுவனங்கள் இயந்திரத்தில் செய்த பாஸ்தாவை விற்கத் தொடங்கின. ‘ஓமை’, ‘மா மா’ ஆகிய இரு பெயர்களும் அப்போது வந்தவை. இன்றும் விற்பனையில் உள்ளன.

‘காபே நோ ஆனா’

வாஃபூ பாஸ்தாவின் பிறப்பிடம் என்று ஒரே ஒரு கடையைச் சொல்லச் சொன்னால், நாரிமாத்சு தகாயாசு 1953இல் டோக்கியோவில் திறந்து, பின்னர் ஷிபுயாவுக்குக் கொண்டுபோன ‘காபே நோ ஆனா’வைத்தான் சொல்ல வேண்டும். இசைக்குழுவைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கேவியர் வாங்கி வந்து, இதை ஸ்பாகெட்டியில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டாராம். சுவை பிரமாதம், விலைதான் எட்டாதது. அதே உப்பும் கடல் மணமும் கொண்ட மலிவான பொருளைத் தேடிய நாரிமாத்சு, எந்த மீன்கடையிலும் கிடைக்கும் ‘தராகோ’வை, அதாவது உப்பிட்ட பொல்லாக் மீன் முட்டையை எடுத்தார். 1960களில் நடந்த இந்த மாற்றுதான் எல்லாவற்றுக்கும் வாசல். மீன் முட்டை போகலாம் என்றால் காளான் ஏன் போகக் கூடாது, நாத்தோ என்னும் புளித்த சோயா ஏன் கூடாது? வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க அந்தக் கடை செய்து பார்த்தது.

தராகோ ஸ்பாகெட்டி செய்யும் விதம் எளிது. பக்குவம் மட்டும் தவறக் கூடாது. முட்டைப் பையின் மெல்லிய தோலை நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் உள்ளிருக்கும் முட்டையை வழித்தெடுப்பார்கள். அதை இளகிய வெண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் குழைப்பார்கள். வெந்த ஸ்பாகெட்டியை வடித்த சூட்டோடு அதில் கொட்டி, வேகவைத்த நீரில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினால் இளஞ்சிவப்புச் சாறு இழைதோறும் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் வைத்துக் கிளறினால் முட்டை வெந்து வெளுத்து உதிர்ந்துவிடும். மேலே கத்தரிக்கோலால் மெல்லிசாக நறுக்கிய நோரி, விருப்பமானால் ஷீசோ. நோரி நமுத்துப்போவதற்குள் சாப்பிட வேண்டும்.

இந்தச் சேர்க்கை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. கொம்பு என்ற கடற்பாசியின் சுவைக்குக் குளூட்டமேட்டே காரணம் என்று வேதியியலாளர் இக்கேதா கிக்குனாயே 1908இல் கண்டறிந்தார். சோயா சாஸிலும் நோரியிலும் அது மிகுதி. பார்மசான் சீஸிலும் பழுத்த தக்காளியிலும் நிறைந்திருப்பதும் அதுவே. சீஸ் செய்த வேலையைச் சோயா சாஸ் ஏற்றுக்கொண்டதால் நாக்குக்குக் குறை தெரியவில்லை.

பரவல்

தராகோவை மிளகாயில் ஊறவைத்தால் அது மெந்தாய்கோ. கொரியாவிலிருந்து வந்த இந்தப் பண்டத்தை ஃபுகுவோகாவில் கவாஹாரா தோஷியோ 1949இல் விற்கத் தொடங்கினார். 1975இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஃபுகுவோகாவின் ஹகாத்தா நிலையம் வரை நீண்டதும், பயணிகள் ஊருக்கு வாங்கிப்போகும் பண்டமாக அது நாடெங்கும் போனது. மெந்தாய்கோ ஸ்பாகெட்டியும் கூடவே பெருகியது. காரம் பழகிய தமிழ் நாக்குக்குத் தராகோவைவிட இதுவே எளிதில் பிடிக்கும்.

ஸ்கைலார்க் 1970இலும் ராயல் ஹோஸ்ட் 1971இலும் முதல் குடும்ப உணவகங்களைத் திறந்தன. 1976இல் ஷிபுயாவில் தொடங்கிய ‘யோமென்யா கோயெமோன்’ ஸ்பாகெட்டியைப் பீங்கான் தட்டில் வைத்து, உண்ணக் குச்சிகளைக் கொடுத்தது. முள்கரண்டியைச் சுழற்றத் தெரியாத பாட்டிகளும் கூச்சமின்றி உட்கார்ந்து சாப்பிட வழி பிறந்தது.

இதில் மிக மலிவான கிளை சைசெரியா. ஷோகாக்கி யாசுஹிக்கோ சிபா மாநிலத்தின் இச்சிகாவாவில் ஒரு சிறு கடையிலிருந்து கட்டியெழுப்பிய சங்கிலி இது. பெயரும் அலங்காரமும் இத்தாலிய வகை. ஆனால் பட்டியலில் தராகோ ஸ்பாகெட்டி தவறாமல் இருக்கும். பள்ளி மாணவர் கைக்காசுக்குள் அடங்கும் விலைதான் அதன் பலம். சிங்கப்பூரிலும் கிளைகள் பரப்பிவிட்டதால், அங்குள்ள தமிழர் பலர் ஜப்பான் போகாமலே இதைச் சுவைக்க முடிகிறது.

தமிழ்நாட்டு ஒப்பு

நம்மிடமும் இதற்கு நிகரான கதை உண்டு. திண்டுக்கல் ஆலைகளில் வரும் கோதுமைச் சேமியாவைக் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து உப்புமாவாக்கிக்கொண்டோம்.

சிறுதானியச் சேவையில் இழையின் இயல்பு மட்டும் வேறு. ஸ்பாகெட்டியின் டியூரம் கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் இழுத்துப் பிடிப்பதால், வெந்தபின் எவ்வளவு புரட்டினாலும் அறுவதில்லை. சாமையிலும் கேழ்வரகிலும் அந்தப் புரதம் கிடையாது. அவற்றின் மாவில் சேவை பிழிய வேண்டுமானால், சூட்டிலும் நீரிலும் மாவுச்சத்தைப் பசையாக்கியே நாழியில் இட வேண்டும். பிழிந்த இழையைச் சாற்றில் போட்டுக் கிளறினால் நொறுங்கும். தாளிப்பை மேலே ஊற்றி விரல்நுனியால் பிசற வேண்டும். சோயா சாஸ், வெண்ணெய், காளான் கலவையைச் சாமைச் சேவையில் செய்து பார்க்க நினைப்பவர் இந்த முறையையே கையாளலாம்.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காளான் பாஸ்தா என்று எழுதியிருந்தாலும் சாற்றில் பெரும்பாலும் ‘தாஷி’ சேரும். அது பொதுவாக உலர்ந்த போனிட்டோ மீனில் இறக்கப்படுவது. கொம்பு மட்டும் போட்ட தாஷியா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.