துறை மூடப்பட்டபோது: நயினாதீவுச் சிறுவணிகமும் கொள்ளைநோய்க் காலமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு ஈழத்து வரலாற்று மாணவர் பலரும் அறிந்ததொன்றே. பொலன்னறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைக் கூறும் இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குக் காப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது ஆணையின் ஒரு பகுதி. கப்பல் உடைந்தால் என் செய்வது என்பது அடுத்த பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் கெட்டதாயின் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றி வந்த கப்பலாயின் பாதிக்குப் பாதி.

இதனை அரசனின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது முற்றிலும் பொருந்தாது. யானையும் குதிரையும் தனக்கு வேண்டியிருந்தமையாலேயே அவற்றைக் கொணர்ந்தவனுக்கு அரசன் கூடுதலாக விட்டுக்கொடுத்தான். எனினும், உடைந்த கப்பலின் சரக்கு முழுவதையும் கரையாண்ட மன்னனே கவர்ந்துகொள்ளும் வழக்கம் அக்காலத்தில் அரிதன்று. அவ்வாறு முன்னைய மன்னர்கள் கவர்ந்து வந்ததை நிறுத்துவதாக ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிற் காகதீய கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவிற் சாசனம் பொறித்தான். நயினாதீவுக் கல்லோ அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. இதன் சிறப்பு ஈகையில் இல்லை. இடர் நேருமுன்னரே, நேர்ந்தால் எவர்க்கு எவ்வளவு என வரையறுத்து, வணிகன் கப்பலேறுமுன் அறிந்துகொள்ளுமாறு தமிழிற் பொறித்து வைத்தமையே இதன் சிறப்பு. எட்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே தீவின் வணிகருக்கு இன்னொரு வகையான கப்பற்சேதம் நேர்ந்தபோது, அத்தகைய வரையறை எதுவும் கைவசம் இருக்கவில்லை.

நயினாதீவு நான்கு சதுரக் கிலோமீற்றரை ஒட்டிய சிறு நிலம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை தரைவழி, அங்கிருந்து படகு. அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் அமைந்திருத்தலால், வடக்கிலிருந்து மட்டுமன்றி, 2009இற் போர் முடிந்தபின் தெற்கிலிருந்தும் யாத்திரிகர் பெருந்தொகையாக வந்தனர். ஆனி மாதத்து மகோற்சவத்துக்கு வருவோர் தொகை ஓரிலட்சத்தையும் கடக்கும் என்பர். இத்தீவின் சிறுவணிகம் முழுவதும் இப்போக்குவரத்தின் மேலேயே நிற்கின்றது. அருச்சனைத் தட்டும் கற்பூரமும் விற்போர், தேநீர்க்கடைக்காரர், ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, கடகம் முதலான பனம்பொருள் விற்கும் பெண்கள், படகோட்டிகள், குறிகட்டுவானில் முச்சக்கரவண்டி ஓட்டுவோர் எல்லோரும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். உழவனுக்கு அறுவடை எத்தகையதோ அத்தகையது இவர்களுக்கு ஆனி. மற்றைய மாதங்களின் பற்று வரவு யாவும் அம்மாதத்தை நோக்கியே எழுதப்படுகின்றன.

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு என்ன செய்யலாம் என்பதை வகுத்த சட்டம் இலங்கையில் மிகப் பழையது. 1896இற் பம்பாயிற் பிளேக் நோய் பரவியதை அடுத்து, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. துறைமுகங்களில் வந்திறங்கும் கப்பல்களும் தோட்டங்களுக்கெனக் கொணரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளருமே அக்காலத்து ஆட்சியாளரின் முதற் கவலையாயினர். யாத்திரையும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. வாந்திபேதிக்கு அஞ்சிக் கதிர்காம யாத்திரிகரின் தொகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அனுமதிச்சீட்டு முறையால் மட்டுப்படுத்தினர். நோயைத் தடுக்க இவை ஓரளவு உதவின என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் துறையை மூடவும், ஆளை மறிக்கவும், கூட்டத்தைக் கலைக்கவும் அறிந்த இச்சட்டம், மூடிய துறையில் வாழ்பவனின் அடுப்பைப் பற்றி எண்ணவில்லை. 2020 ஒக்ரோபரில் முகக்கவசம், இடைவெளி ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகளும் இதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வெளியிடப்பட்டன.

2020 மார்ச் 20ஆம் நாள் மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. படிப்படியாகத் தளர்ந்து, ஜூன் 28இலேயே அது முற்றாக நீங்கிற்று. அவ்வாண்டு ஆனித் திருவிழா கட்டுப்பாடுகளுக்கிடையே நடந்தேறியது. கொடி ஏறியது, தீர்த்தம் நிகழ்ந்தது. வீதியில் வாங்குவோர் இல்லை. அடுத்த ஆண்டு நிலை இன்னும் இறுகியது. 2021 மே 21இல் தொடங்கிய நாடளாவிய பயணக் கட்டுப்பாடு ஜூன் 21 வரை நீடித்தது. ஆனி பிறந்தபோதும் அது நீங்கியிருக்கவில்லை. ஓர் அறுவடை பொய்த்தால் உழவன் அடுத்ததைப் பார்த்திருப்பான். இரண்டு அறுவடைகள் தொடர்ந்து பொய்த்தால் விதைநெல்லே இராது.

படகுகளைக் கட்டுப்படுத்தியது தவறு என இங்கு வாதிக்கப்படவில்லை. குறிகட்டுவான் படகில் ஏறியவர்கள் அறிவர்: தட்டு நிறைந்தபின் எஞ்சியோர் உட்கூட்டினுள் இறங்கி, தோளோடு தோள் உரச அமர்வர். காற்றோட்டம் குன்றிய அத்தகைய இடமே சுவாச நோய் பரவ வாய்ப்பானது. தீவிலே பெரிய மருத்துவமனை இல்லை. நோய் முற்றியவரையும் அதே கடலைக் கடந்தே கொண்டுசெல்ல வேண்டும். எனவே பாதி ஆளை ஏற்றுதல் அறிவுடைமையே. ஆயின் பாதி ஆளை ஏற்றும் படகு பாதி டீசலில் ஓடாது. எஞ்சிய பாதியின் செலவைப் படகுக்காரர் சுமப்பதா, பயணி சுமப்பதா, அரசு சுமப்பதா? இக்கேள்விக்கு விடை வகுக்காமல் வெறுமனே விதியை மட்டும் இட்டால், விதியைக் காப்பவன் நட்டமடைவான், மீறுபவன் பிழைப்பான். பாதுகாப்பும் பிழைப்பும் இரு வேறு பிரச்சினைகள் எனக் கருதியோர் இவ்விடத்திலேயே வழுவினர்.

அரசு வாளாவிருந்தது எனவும் கூறுதற்கில்லை. 2020 மார்ச் 24இல் மத்திய வங்கி கடன் தவணைகளை ஆறு மாதங்களுக்கு ஒத்திவைக்கும் சுற்றறிக்கையை வெளியிட்டது. பின்னர் அக்காலம் நீடிக்கப்பட்டது. ‘சௌபாக்கியா’ மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் நான்கு சதவீத வட்டியிற் தொழிற்படு மூலதனக் கடன் வழங்க முதலில் 5,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. வருமானம் குன்றிய குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஐயாயிரம் ரூபா வீதம் கொடுக்கப்பட்டது. இவற்றுள் கொடையாக அமைந்தது இறுதியிற் கூறியது மட்டுமே. ஏனையவை இழப்பைப் பங்கிடவில்லை; தள்ளிவைத்தன. தவணை ஒத்திவைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை. மேலும், தவணைச் சலுகை என்பது வங்கியிற் கடன் உடையவனுக்கே பயன்படும். புதுக்கடன் வேண்டுவோன் வணிகப் பதிவும் வரவுசெலவுக் கணக்கும் காட்ட வேண்டும். கோயில் வீதியில் ஆண்டுக்குச் சில வாரங்கள் சாக்கு விரித்துக் கடகம் விற்கும் பெண்ணிடம் இவை எங்கே? பெருங்கடைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைச் சிறுகடைக்கும் நீட்டிய கதை இது.

அத்தகையோரைத் தாங்கியவை பழைய வழிகளே. கொப்பிக் கணக்கில் மொத்த வியாபாரி பொறுத்திருந்தார். கடைக்காரர் அயலாருக்குப் பொறுத்தார். தாலிக்கொடி ஒழிந்த நகைகள் அடகு போயின. வெளிநாட்டு உறவினரின் பணம் சில வீடுகளுக்கு வந்தது. வராத வீடுகளும் இருந்தன. தீவக மக்களுக்கு இத்தகைய பொறுத்தல் புதிதன்று. தென்னிலங்கை நகரங்களிற் சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் நடத்தி, 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் முதலை இழந்து திரும்பியோர் இவர்களின் முன்னோர். ஆயின் பொறுமையைக் கொள்கையாக எண்ணிவிடலாகாது. மொத்த வியாபாரியின் பொறுமைக்கும் அவரது முதல் அளவே எல்லை.

இழப்பைக் கூட்டாகத் தாங்கும் ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதுமன்று. 1911இற் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச்சட்டம் வந்தபின், கடன் சங்கங்கள் இங்கு நன்கு வேரூன்றின. 1930களில் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம், திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த கமக்காரரை ஒன்றுசேர்த்தது. ஒரே பயிர், ஒரே சந்தை என்ற இக்கட்டு அவர்களுக்கும் இருந்தது. ஒரே திருவிழாவை நம்பியிருக்கும் கடைக்காரரும் படகோட்டியும் நல்ல ஆனியொன்றின் வருவாயிற் சிறு பங்கைப் பொதுநிதியாக ஒதுக்கி, அரசும் அதற்கு ஈடாக ஒரு பங்கை இட்டு, துறை மூடப்படும் ஆண்டில் இன்னவர்க்கு இவ்வளவு என முன்கூட்டியே எழுதி வைப்பதற்குத் தடையாயிருந்தது பணக்குறை என்பதிலும் பார்க்க, எண்ணக்குறை எனல் பொருந்தும்.

தள்ளிவைத்த இழப்பு பின்னர் வந்த முறையையும் குறித்தல் வேண்டும். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. மக்களின் தவணையை ஒத்திவைத்த அரசு தன் தவணையையே ஒத்திவைக்கும் நிலைக்கு வந்தது. முந்திய ஆண்டின் இறுதியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் 26இல் 460 ரூபாவாயிற்று. ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் எனவும் அறிவிக்கப்பட்டது. அப்போதும் மாதம் ஆனியே.