பழைய ஊரில் ஒரு வீடு: ஸ்ரீரங்கமும் பல்லாவரமும்

பெருநகரத்துக்குப் பக்கத்தில், ஆனால் அதன் நெரிசலுக்குச் சற்று விலகி, வரலாறு உள்ள ஓர் ஊரில் சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். திருச்சிக்காரர்களுக்கு அந்த நினைப்பு ஸ்ரீரங்கத்தில் போய் நிற்கும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு தெற்கே இடம் தேடுபவர்களுக்குப் பல்லாவரம் கண்ணில் படும். இரண்டும் இன்று மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட பழைய ஊர்கள். ஸ்ரீரங்கம் 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. பல்லாவரம் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. இந்த ஊர்களில் வீடு பார்க்கப் போகிறவர் விலையைப் பேசுவதற்கு முன்பே கேட்டாகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மனையின் மேல் ஊரின் பழமைக்கு என்ன உரிமை இருக்கிறது?

தெரியும் பழமை, தெரியாத பழமை

ஸ்ரீரங்கத்தின் பழமை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயர ராஜகோபுரம் ஊருக்கே அடையாளம். அரங்கநாதர் கோயிலின் ஏழு சுற்றுகளில் உள்சுற்றுகள் சன்னதிகளுக்கு. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று விரியும் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். மதிலுக்குள்ளேயே வீடு, கடை, பள்ளி எல்லாம் அமைந்த ஊர் இது.

பல்லாவரத்தின் பழமை இதைவிட மிக மூத்தது. ஆனால் கண்ணில் படாதது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இங்கே ராணுவ அணிவகுப்புத் திடலில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. பெருங்கற்கால மக்கள் இங்கே இறந்தவர்களைப் புதைத்தார்கள். அந்த ஈமக்காடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் உண்டு; இன்று அது தர்காவாக விளங்குகிறது. ஜிஎஸ்டி சாலையில் தினமும் போய்வரும் பெரும்பாலோருக்கு இவை எதுவும் தெரியாது.

அன்றாடம்

ஸ்ரீரங்கத்தில் நாளும் பொழுதும் கோயிலை ஒட்டியே நகரும். மார்கழியில் விடியலுக்கு முன்பே தெரு விழித்துக்கொள்ளும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் வெளியூர்க் கூட்டம் வந்து நிறையும். சித்திரைத் தேர் ஓடும் நாளில் அது போகும் வீதியில் வீடு வைத்திருப்பவர் வண்டியை எடுக்க முடியாது. ஆனால் வாசலில் நின்றபடியே தேரைச் சேவிக்கலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஊர் மிகவும் ஏற்றது. காய்கறிக்கடையும் மருந்துக்கடையும் கோயிலும் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. ஊருக்கென்று ரயில் நிலையம் உண்டு. சென்னை போகும் பல்லவன், மலைக்கோட்டை ரயில்கள் அங்கே நிற்கின்றன.

பல்லாவரத்தின் நாள் ரயிலை ஒட்டி நகரும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் நகரத்தில் உழைத்துவிட்டுப் புறநகரில் உறங்குகிறவர்களின் ஊராக இது வளர்ந்தது. விமான நிலையம் அருகிலேயே இருப்பது அடிக்கடி பயணம் செய்பவருக்கு வசதி. தூக்கம் லேசானவருக்குத் தொல்லை. கன்டோன்மென்ட் பகுதியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடிகொடி முதல் பழைய மரச்சாமான் வரை கிடைக்கும். வேலைக்குப் போகும் இளம் குடும்பத்துக்கு இந்த ஊர் தரும் வசதியை ஸ்ரீரங்கம் தர முடியாது.

மண் யாருடையது?

ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நெடுநாள் பிரச்சினை அடிமனை. சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை, அடியில் உள்ள மண் கோயிலுடையது என்பதுதான் தகராறு. கோயில் உரிமை கோரும் மனைகளில் பத்திரப்பதிவு தடைப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் விற்கவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் தவித்திருக்கிறார்கள். இந்து சமய அறநிலையச் சட்டம் இதில் உறுதியானது. கோயில் சொத்தை விற்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். எத்தனை காலம் அனுபவித்து வந்தாலும் அனுபவ பாத்தியதையால் கோயில் நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது.

பல்லாவரத்தில் கட்டுப்பாடு தூரக் கணக்கில் வருகிறது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை எது கட்டினாலும் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையில்லாச் சான்று தேவை. அங்கே மனை வாங்கியவருக்குப் பட்டா இருக்கும், பத்திரம் இருக்கும், வரி ரசீதும் இருக்கும். இவ்வளவு இருந்தும் ஒரு மாடி எழுப்ப முடியாமல் போகலாம். விமானப் பாதையை ஒட்டிய பகுதிகளில் உயரத்துக்கும் வரம்பு உண்டு.

வியப்பு என்னவென்றால், அடிமனைக்கு ஒரு தம்பி பல்லாவரத்திலும் இருக்கிறான். கன்டோன்மென்ட் எல்லைக்குள் ‘ஓல்டு கிராண்ட்’ முறையில் வந்த பழைய பங்களாக்களில் கட்டடம் மட்டுமே வைத்திருப்பவருக்குச் சொந்தம். நிலம் பாதுகாப்புத் துறையுடையது. கைமாற்ற அந்தத் துறையின் அனுமதி வேண்டும். ஓரிடத்தில் கோயில், இன்னோரிடத்தில் ராணுவம். வாங்குபவர் நிலை ஒன்றேதான்.

ஆகவே ஸ்ரீரங்கத்தில் வாங்குபவர் தாய்ப்பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் பார்த்தால் மட்டும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்குத் தடை இருக்கிறதா என்றும், கோயில் அலுவலகத்தில் உரிமைக்கோரிக்கை இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். பல்லாவரத்தில் வாங்குபவர் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து மனைக்கு எத்தனை மீட்டர் என்பதை அளந்து பார்க்கவேண்டும். கன்டோன்மென்ட் என்றால் அதன் பொது நிலப் பதிவேட்டையும் புரட்டவேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இவை முடியவேண்டும்.

சுவரும் தண்ணீரும்

ஸ்ரீரங்கத்தின் பழைய வீடு குறுகிய முகப்பும் நீண்ட உடலுமாகத் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கலாம்; இடிக்கும்போது வம்பு வரும். சுண்ணாம்புச் சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்ட வீட்டைச் சிமென்ட் பூசி ‘சரிசெய்வது’ தவறு. சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கிக் காரை உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். மதிலுக்கு வெளியே, அம்மா மண்டபம் சாலைப் பக்கம் அடுக்குமாடி வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை.

பல்லாவரத்தில் கவலை தண்ணீர். தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பல்லாவரம், பம்மல் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கின்றன. பெரிய ஏரியை ரேடியல் சாலை ஊடறுத்துப் போகிறது. 2015 வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய அக்கம்பக்கம் முழுகியதையும் மறக்கக்கூடாது. போர்வெல் நீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மழைநாளில் ஒருமுறை தெருவைப் போய்ப் பார்ப்பது நல்லது. ஸ்ரீரங்கத்துக்குக் காவிரி கொடை. ஆனால் ஆற்றோர மனைகளில் வெள்ளக் கணக்கு அங்கும் உண்டு.

யாருக்கு எது?

உரிமை தெளிவான மனை கிடைத்தால், வேகம் குறைந்த வாழ்வை விரும்புகிறவர் ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகளின் படிப்பும் தினசரி வேலையும் முதன்மையாக உள்ளவருக்குப் பல்லாவரம் பொருந்தும். எதுவானாலும் திருவிழாக் காலமும் மழைக்காலமும் உட்பட ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குவது சிறந்தது.

பழமையின் உரிமையைத் தொல்லை என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கோயில் மண்ணைக் காக்க ஒரு சட்டம் இல்லாதிருந்தால், ஈமக்காட்டுக்கு ஓர் எல்லை இல்லாதிருந்தால், நாம் தேடிப்போக அந்த ஊர்களே மிஞ்சியிருக்காது. ஆனால் காப்பதும் தெளிவாகச் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனி விதிகள் வகுக்க 2010 திருத்தமே வழி செய்திருக்கிறது; அவை மக்களுக்குப் புரியும் தமிழில், சர்வே எண்ணோடு வெளிவரவேண்டும். அடிமனைத் தகராறும் நியாயமான வாடகையோ தீர்வோ கண்டு முடியவேண்டும். பழைய ஊரைக் காப்பாற்றுவது அதில் வாழ்கிறவர்கள்தான். தன் வீட்டின் மேல் யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாகத் தெரிந்தவரே அந்த வீட்டை நம்பிக்கையோடு பழுதுபார்த்துப் பேணுவார்.