காதுக்கு எட்டாத சரக்கு

துணி எடுக்கிறவர் விரலால் தடவிப் பார்க்கிறார். அரிசி வாங்குகிறவர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார். வாங்குகிறவரின் புலனுக்கு எட்டாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்ட சரக்கும் உண்டு. 1980களில் அமெரிக்காவில் அமோகமாக ஓடிய சப்லிமினல் கேசட் அது. போட்டால் கடல் அலையோ மெல்லிசையோ மட்டும் கேட்கும். அதற்கு அடியில், காதுக்குப் பிடிபடாத அளவில், ‘என் நினைவாற்றல் வளர்கிறது’ என்பது போன்ற வாசகங்கள் ஓடுவதாகவும், அவை நேரே ஆழ்மனத்தில் இறங்குவதாகவும் அட்டை சொல்லும். எடை குறைய ஒன்று, சிகரெட்டை விட ஒன்று, தன்னம்பிக்கைக்கு ஒன்று. இவற்றைத் தயாரித்தவர்கள் அத்தனை பேரும் எத்தர்கள் என்று சொல்லிவிட முடியாது. யோக்கியர் யார், எத்தர் யார் என்று பிரித்தறிய வாங்குகிறவருக்கு வழி இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு. உள்ளே என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளரே சொல்வதை வெளிப்படைத்தன்மை என்று ஏற்றுக்கொண்டதுதான் அதை இத்தனை காலம் காப்பாற்றியது.

கோளாறு பிறவியிலேயே இருந்தது. 1957 செப்டம்பரில் ஜேம்ஸ் விக்காரி என்ற சந்தை ஆய்வாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரு செய்தி சொன்னார். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ ஊரில் ஒரு திரையரங்கில், படம் ஓடும்போது 5 விநாடிக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பாப்கார்ன் தின்னச் சொல்லியும் கோக் குடிக்கச் சொல்லியும் வாசகங்களைக் காட்டினாராம். ஆறு வாரத்தில் 45,699 பேர் பார்த்தார்களாம். கோக் விற்பனை 18.1 சதவீதம் ஏறியதாம். அந்தத் தசமப் புள்ளியைக் கவனியுங்கள். சோதனை நடந்த விதத்தையோ மூலக் கணக்கையோ அவர் யாரிடமும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஆனால் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்தால் கணக்கு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். 1962இல், தன்னிடம் இருந்த தரவு எதையும் நிறுவப் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டார். தொழில் அதற்காக நிற்கவில்லை. 1979இல் டைம் பத்திரிகை இன்னொரு கருவியைப் பற்றி எழுதியது. ஹால் பெக்கர் என்பவர் உருவாக்கிய அந்தக் கறுப்புப் பெட்டி, கடைகளில் ஓடும் இசைக்கு அடியில், ‘நான் நேர்மையானவன், திருடமாட்டேன்’ என்ற வாசகத்தை மணிக்கு 9,000 முறை முணுமுணுத்தது. அதாவது விநாடிக்கு இரண்டரை தடவை. பெயர் வெளியிடப்படாத ஒரு கடைத்தொடரில் திருட்டு 37 சதவீதம் குறைந்ததாகச் சொல்லப்பட்டது. நேர்மையைப் போதிக்கும் பெட்டிக்குச் சாட்சி, பெயர் சொல்லாத கடை!

கேசட் காலத்தில் சந்தேகம் கிளம்பியபோது, வாசகங்களை அச்சடித்துக் கொடுப்பது ஒரு பதிலாக இருந்தது. பார்வைக்கு அது நாணயமான செயல். ஆனால் அச்சடித்த தாள், நாடாவில் அந்தச் சொற்கள் இருக்கின்றன என்பதற்குச் சான்றாகாது. அட்டையில் எழுதியதைத் தாளில் மறுபடி எழுதியதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிலிப் மெரிக்கிள் தாளை விட்டுவிட்டு நாடாவைப் பார்த்தார். கடையில் விற்ற கேசட்டுகளின் ஒலியை நிறமாலைப் படமாக மாற்றினார். பேச்சு இருந்தால் அப்படத்தில் உயிரொலிகள் அடுக்கடுக்கான பட்டைகளாகத் தெரியும். 1988இல் அவர் வெளியிட்ட முடிவு: பேச்சுக்கான தடயம் எதுவும் தென்படவில்லை. கருவிக்கும் சிக்காத அளவு மெல்லப் பதித்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் வாதிடலாம். அப்படியானால் அந்த ஒலி, நாடாவின் இயல்பான இரைச்சலையும் அலையோசையையும் தாண்டி, கேட்பவரின் செவிப்பறைக்கு எப்படி வந்து சேரும்?

இதைவிடக் கூர்மையான சோதனை 1991இல் வெளியானது. உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் 237 தன்னார்வலர்களிடம் கேசட்டுகளைக் கொடுத்தார்கள். நினைவாற்றல் கேசட்டுகள் சிலவற்றின் மேல் தன்மதிப்பு என்றும், தன்மதிப்பு கேசட்டுகள் சிலவற்றின் மேல் நினைவாற்றல் என்றும் லேபிளை மாற்றி ஒட்டினார்கள். எதில் எது என்று கேட்டவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் கேட்ட பிறகு அளந்து பார்த்தால், எந்தக் கேசட்டும் தனக்குரியதாகச் சொல்லப்பட்ட பலனைத் தரவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், லேபிளில் எது எழுதியிருந்ததோ அதிலேயே முன்னேறியதாக நம்பினார்கள். வேலை செய்தது நாடா அல்ல, ஒட்டிய காகிதம்.

உணர்வெல்லைக்குக் கீழே மனம் எதையும் வாங்கிக்கொள்வதே இல்லையா என்று கேட்டால், வாங்கிக்கொள்கிறது. 1980இல் குன்ஸ்ட்-வில்சன், ஸாயான்ஸ் என்ற உளவியலாளர்கள், ஒரு மில்லி விநாடி மட்டும் காட்டிய வடிவங்களை, பார்த்ததே தெரியாத நிலையிலும் மக்கள் பின்னர் கூடுதலாக விரும்பியதைக் காட்டினார்கள். ஆனால் ஒரு வடிவத்தின் மேல் லேசாகப் பிடித்தம் ஏற்படுவதற்கும், பத்து வருடப் புகைப் பழக்கம் அறுந்து போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நம்பிக்கையே மருந்தாக வேலை செய்தால் நல்லதுதானே என்ற வாதம் இன்னும் வலுவானது. அந்த 1991 சோதனையிலும் எல்லோருக்கும் பொதுவாக ஓரளவு முன்னேற்றம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பலன் வெற்று அலையோசையாலும் கிடைக்கக்கூடியது. அலையோசைக்கு உரிய விலையைக் கேட்டு, அலையோசை என்று சொல்லி விற்றிருந்தால் புகாருக்கே இடமில்லை.

திறந்து காட்டுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு முன்மாதிரி, வேடிக்கையாக, எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று வாதாடிய தரப்பின் வழக்கிலிருந்து கிடைத்தது. 1990இல் நெவாடாவின் ரீனோ நீதிமன்றத்தில், இரண்டு இளைஞர்களின் சாவுக்குப் பாட்டில் ஒளித்துவைத்த கட்டளைதான் காரணம் என்று ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் குழு மேல் வழக்கு நடந்தது. ஒலிப்பதிவுத் தடங்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். கட்டளை என்று சொல்லப்பட்டது, கிட்டார் ஒலியும் பாடகரின் மூச்சொலியும் தற்செயலாகச் சேர்ந்தது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இன்று கேசட் போய் யூடியூப் வந்துவிட்டது. ஒளித்துவைத்த வாசகங்களைப் பட்டியலிட்டுப் போடுவதே தங்கள் நேர்மைக்கு அடையாளம் என்று காட்டும் தயாரிப்பாளர்கள் இப்போதும் உண்டு. பட்டியலைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். குரல் தடத்தைத் தனியாகக் கேளுங்கள். லேபிளை மாற்றி ஒட்டி யாராவது சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.