தாங்கியும் அடக்கியும்: சுமை வேனின் அடியில் ஒரு சொல் வரலாறு

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி அமைந்துள்ளது. மலையைக் கடந்தால் அதே வழி பாலாற்றைத் தொட்டு மேட்டூருக்கு இறங்குகிறது. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. சுமை இழுப்பதற்குப் பெயர்பெற்ற ஆலம்பாடி மாடுகளின் பூர்விக நிலமும் இப்பகுதியைச் சார்ந்ததே. மாடு இழுத்த சுமையை இன்று வேன்கள் இழுக்கின்றன.

இத்தகைய சாலையில் அளவுக்கு மிஞ்சிய பாரத்துடன் நாள்தோறும் ஓடும் வேனின் பின்புறம் தாழ்ந்து, பள்ளம்தோறும் அடித்தளம் இடிக்கத் தொடங்கினால், 'ஷாக் அப்சார்பர் போய்விட்டது; இன்னும் கடினமானதாகப் பார்த்து மாற்ற வேண்டும்' என்னும் முடிவுக்கு உரிமையாளர் எளிதில் வந்துவிடுகிறார். பின்புறம் தாழ்வதைப் பொறுத்தவரை இம்முடிவு பிழையானது. அப்பிழைக்குப் பொறியியல் காரணத்தைப் போலவே மொழிக் காரணமும் ஒன்று உண்டு.

சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரண்டு வேறு உறுப்புகள் வேலை செய்கின்றன. ஒன்று வில். அது எடையைச் சுமக்கிறது. பள்ளத்தின் அடியை வாங்கி வளைகிறது. மற்றொன்று, வளைந்த வில் மீண்டும் மீண்டும் ஆடாமல் அவ்வாட்டத்தை எண்ணெயின் தடையால் வெப்பமாக மாற்றி அடக்குகிறது. இரண்டாவதையே ஷாக் அப்சார்பர் என்கிறோம். ஆனால் அடியை உண்மையில் வாங்குவது வில்லே. ஆங்கிலப் பெயரே பொருத்தமற்றது என்பதைப் பொறியியலார் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். பிரித்தானிய வழக்கில் 'டேம்பர்' என்னும் சொல் நிலைத்ததற்கும் இப்பொருத்தமே காரணம் எனலாம். பிரெஞ்சு மொழியின் 'அமோர்த்திசர்' மடியச் செய்வது என்னும் வேர்ப்பொருளைக் கொண்டது. ஜெர்மானியச் சொல்லிலும் தணித்தல் என்னும் பொருளே முதன்மை. தமிழிலோ 'அதிர்வுதாங்கி' என்று எழுதும் வழக்கு உள்ளது. தாங்குதல் என்ற வினை சுமத்தலையும் குறிப்பதால், வில்லின் வேலையும் சொல்லளவில் இதன்மேல் ஏறிவிடுகிறது.

வில்லைப் பொறுத்தவரை தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. 'வில்வண்டி' என்பது அச்சுக்கும் இருக்கைக்கும் இடையே எஃகு வில் பொருத்திய மாட்டுவண்டி. பட்டறைகளில் அதே வில் 'பட்டை' ஆகிறது. தேய்ந்த லாரிப் பட்டை உலைக்குப் போய் அரிவாளாகத் திரும்புகிறது. இந்தியில் 'கமானி' என வழங்கும் பெயரும் வில்லைக் குறிக்கும் பாரசீகக் 'கமான்' என்பதிலிருந்து வந்தது. வளையும் எஃகை இரு மொழிகளும் போர்க்கருவியின் பெயராலேயே அடையாளம் கண்டுள்ளன. ஆட்டத்தை அடக்கும் உறுப்புக்கு இவ்வாறு பழக்கத்தில் ஊறிய பெயர் ஏதும் தமிழில் வாய்க்கவில்லை.

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றபின் வில் பொருத்திய வண்டிகள் பரவின. இந்தியாவில் அவ்வசதி ஆள் அமரும் வண்டிகளுக்கு வந்ததேயன்றிப் பாரவண்டிகளுக்கு வரவில்லை. வில்வண்டி தகுதியின் குறியீடாகவும் இருந்தது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தடையை மீறி வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்ற நிகழ்வு அதனால்தான் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. நெல்லும் விறகும் ஏற்றிய வண்டியின் அச்சோ நேரடியாகச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. மாட்டின் நடைவேகத்தில் ஒரு குலுக்கல் ஓய்ந்த பிறகே அடுத்தது வரும். ஆகவே ஆட்டத்தை அடக்கும் தேவை எழவேயில்லை.

மோட்டார் வேகம் இந்நிலையை மாற்றியது. ஒரு பள்ளத்தின் ஆட்டம் அடங்குமுன் அடுத்த பள்ளம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் துருஃபோவும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டும் உராய்வுத் தட்டுகளால் ஆட்டத்தை அடக்க முயன்றனர். பின்னர் எண்ணெய் நிரம்பிய உறுப்புகள் வந்தன. குழாய் வடிவம் நிலைபெற்றது. 1950களில் தெ கார்போனின் வாயு நிரப்பிய ஒற்றைக்குழாய் வகை தோன்றியது. இந்தியாவில் 1961இல் கேப்ரியல் இந்தியா நிறுவப்பட்டதுடன் இவ்வுறுப்பின் உள்நாட்டு உற்பத்தி வேரூன்றியது. அடுக்குப் பட்டைகளோ தம்மிடையே உள்ள உராய்வால் ஓரளவு ஆட்டத்தைத் தாமே அடக்கிக்கொள்ளும். பாரவண்டி உலகம் பட்டையை மட்டுமே நம்பி நெடுங்காலம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறு பாரவண்டிகளின் பெயர்களிலும் சுமையே முன்னிற்கிறது. டெம்போ என்ற நிறுவனப் பெயர் வேன் வகைக்கே பொதுப்பெயராயிற்று. 1986இல் டாடா 407 வந்தது. 2005இல் வந்த டாடா ஏஸ் மக்கள் வாயில் 'குட்டியானை' ஆனது. யானை என்று பெயரிட்ட பின் அதன்மேல் எவ்வளவு ஏற்றலாம் என்னும் கேள்வி தயங்கியே எழும்.

எண்களால் நோக்கினால் சிக்கல் தெளிவாகும். ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதை அடக்க விகிதம் காட்டுகிறது. அடக்கியின் தடையை, வில்லின் விறைப்பும் எடையும் பெருக்கிவரும் தொகையின் வர்க்கமூலத்தைக் கொண்டு அளந்து பெறும் விகிதம் அது. எடுத்துக்காட்டாக, பின் வில்கள்மேல் 400 கிலோ இருக்கும்போது விகிதம் 0.3 என்று கொள்வோம். சுமை ஏற்றியதும் அது 1,600 கிலோ ஆனால், அதே அடக்கி 0.15 அளவே அடக்கும். உரிமையாளர் மேலும் ஒரு பட்டை சேர்த்து விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் விகிதம் ஏறத்தாழ 0.12 ஆகச் சரியும். பின்புறம் நிமிர்ந்துவிடும், ஆட்டம் கூடிவிடும்.

ஆகவே தேர்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பின் அச்சின் எடையை அறிய வேண்டும். அது நிறுவனம் விதித்த வரம்பை மீறினால் எந்த அடக்கியும் அதற்குத் தீர்வாகாது. சுமையைக் குறைப்பதே வழி. வரம்புக்குள் இருந்தும் பின்புறம் தாழ்ந்தால் குறை பட்டையில் உள்ளது. உயரம் சரியாக இருந்து ஆட்டம் ஓயாமலிருந்தாலோ, உருளையில் எண்ணெய் கசிந்தாலோ, டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்தாலோதான் அடக்கியை மாற்ற வேண்டும். அப்போதும் ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் நலம். வில் நிமிரும் திசையில் போதிய தடை, வெப்பத்தைத் தாங்கும் அகன்ற உருளை, சக்கரத்தின் முழு அசைவுக்கும் பொருந்தும் நீளம் ஆகிய மூன்றும் நோக்கத்தக்கவை. நீளம் குறைந்தால் வில் நிமிரும்போது அடக்கியே இழுபட்டு முறியும். தடை மிகுந்தால் அடுத்த பள்ளத்துக்குள் சக்கரம் கீழிறங்கி வராமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து இடிக்கும். 'இருப்பதிலேயே கடினமானது' என்று கேட்டு வாங்குவது அதனால் அறிவுடைமை ஆகாது.

இதன் விளைவு ஒரு வண்டியோடு நிற்பதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் நிகழ்ந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து, சாலையின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது என்னும் கணக்கு வந்தது. 20 விழுக்காடு மிகுபாரம் சேதத்தை இருமடங்காக்கும். அடங்காமல் ஆடும் அச்சு அவ்வெடையையும் சீராக இறக்காமல் சம்மட்டிபோல் இறக்குகிறது. பெயர்ந்த சாலை மீண்டும் அடக்கியைத் தேய்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நெறிமுறை சில வகை அச்சுகளுக்குக் கூடுதல் எடையை அனுமதிக்கும்போது, சாலைக்கு உகந்த தொங்கமைப்பை நிபந்தனையாக்கியது. அதற்கு அடக்க விகிதம் 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். அதில் பாதியேனும் எண்ணெய் அடக்கிகளால் வர வேண்டும். அதாவது பட்டையின் உராய்வு மட்டும் போதாது எனச் சட்டமே கூறுகிறது. இந்தியாவில் மிகுபார வழக்கு வேறு வடிவில் நடந்தது. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம், தண்டத்தொகை கட்டிவிட்டு அதே மிகுபாரத்துடன் பயணத்தைத் தொடர இயலாது என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது.

வாடகைக்கு ஓடும் சிறு வேனின் உரிமையாளருக்கு, ஒரு நடையில் கூடுதலாக ஏற்றும் மூட்டைகளே பெரும்பாலும் அன்றைய இலாபம். ஆகவே சுமையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைவிட, புதிய 'தாங்கி' ஒன்று அதையும் தாங்கிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு உவப்பாகிறது. அந்நம்பிக்கைக்கு ஒரு கலைச்சொல்லும் துணைபோகிறது என்பது சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்கது. 'அதிர்வடக்கி' என்று பாடநூல்கள் வழங்கினால் வண்டியின் பாரம் குறையப்போவதில்லை. எனினும் தொழிற்பயிற்சி மாணவர் ஒருவர் அவ்வுறுப்பைக் கையில் எடுக்கும்போது, அது சுமப்பதற்கன்று என்பதை அதன் பெயரிலிருந்தே அறிவார்.